தொழுகை அறைக்கு வெளியே

கெம்பஸில் பெண்களுக்கென்று இருந்த தொழுகை அறை தொழுவதற்கு மட்டும்தான் என்று யாராவது சொன்னால் அது சுத்தப் பொய். சோற்றுப் பார்சல் பிரிக்க, ஃபேனுக்குக் கீழே சாய்ந்து கிடக்க, அழுது தீர்க்க, எல்லாவற்றுக்கும் அதுதான் இடம். மதியத் தொழுகையான ளுஹர் முடிந்ததும் பின்மூலையில் குப்பி நடக்கும். விளங்கியவள் விளங்காதவர்களுக்குப் படிப்பிப்பதுதான் குப்பி. காரைதீவுச் சிவரூபினி படிப்பித்திராவிட்டால், சாய்ந்தமருது நஸ்லின் புள்ளிவிபரவியலில் எப்போதோ மண்ணைக் கவ்வியிருப்பாள்.

தொழாத சைவப் பிள்ளை ஒருத்தி உள்ளே வந்திருப்பது இறுதியாண்டு றாஹிலாவுக்குப் பொறுக்கவில்லை. "நாளையில இருந்து தொழுறவங்க மட்டும் உள்ளுக்கு. மத்தவங்க விறாந்தையில இரிங்க" என்று சொல்லிவிட்டாள்.

 நஸ்லினுக்கு எதிர்த்துப் பேச வாய் வரவில்லை. சிவரூபினியோடு தானும் எழுந்து போய்விடுவது, அப்போது எல்லோருக்கும் உறைக்கும் என்று மனதுக்குள் முடிவெடுத்தாள்.

மறுநாள் தொழுகை வரிசையான ஸஃப் கட்டும் நேரம் சிவரூபினி பையைத் தூக்கிக்கொண்டு வெளியேறினாள். மாதவிலக்கென்று தொழாமல் இருந்த இரண்டு பெண்களும் பின்னால் போனார்கள். தொழுவதற்காகக் கை கால் கழுவி வுழூச் செய்த ஈரம் காயாத முகத்தோடு நஸ்லினும் போனாள். யாராவது கூப்பிட்டு ஏன் என்று கேட்பார்கள் என்று வாசலில் கொஞ்சம் தாமதித்தும் பார்த்தாள்.

ஒருத்திகூடத் திரும்பவில்லை. தொழாமல் எழுந்து போகிற பெண்ணிடம் யார்தான் காரணம் கேட்பார்கள்? நஸ்லினின் பெரிய போராட்டம் அவர்கள் கண்ணுக்கு மாதவிலக்காகிவிட்டது.

அதற்குப் பிறகும் இரண்டு வாரத்துக்கு மேல் அவள் தினமும் வெளியே போனாள். விறாந்தையில் வெயில் சுட்டது, கடற்காற்று கொப்பித் தாள்களைப் புரட்டியது, படிப்பித்த ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. பின்னேரம் வெறும் லெக்சர் ஹோல் ஒன்றுக்குள் புகுந்து, கதவைப் பார்த்துப் பார்த்து, களவெடுக்க வந்தவளைப் போல ளுஹரைத் தொழுதாள். ஒரு தொழுகையிலும் மனம் நிற்கவில்லை.

கடைசியில் ஒருநாள் ஸஃப் கட்டுவதற்கு முன் றாஹிலாவே விறாந்தைக்கு வந்தாள். குரலைத் தாழ்த்தி, "புள்ள, கன நாளாப் போகுதே. டொக்டர்ட்டக் காட்டினீங்களா? எங்கட சாச்சியும் இப்பிடித்தான் கவனிக்காம உட்டு கஷ்டப்பட்டாங்க" என்றாள். உண்மையான கரிசனை. அதுதான் நஸ்லினைக் கூசவைத்தது.

"எனக்கு ஒரு வருத்தமும் இல்ல ராத்தா. சிவரூபினிய வெளிய அனுப்பினதுக்குத்தான் நானும் வந்தன்."

 வெடித்தது றாஹிலா இல்லை, பக்கத்தில் இருந்த சிவரூபினிதான்.

"எனக்காகவா? நானும் உனக்குச் சுகமில்லையெண்டுதானே நினைச்சிட்டிருந்தன்! என்னோட வெயில்ல காயச் சொல்லி ஆரு கேட்ட? அண்டைக்கு உள்ளுக்க ஒரு சொல்லுச் சொல்லியிருந்தாக் காணாதா?"

 அவ்வளவு நாளும் தன்னைத் துணிச்சல்காரி என்று நினைத்திருந்தவள் நஸ்லின். தன் பயந்தாங்கொள்ளித்தனத்தைத்தான் வெயிலில் கொண்டுவந்து வைத்திருக்கிறாள்.

சிவரூபினியின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தாள். ஸஃப் கட்டியிருந்தார்கள், தொழுகை இன்னும் தொடங்கவில்லை. 

"எனக்கு மாதவிலக்கில்ல, தொழுகை இரிக்கி" என்றாள், எல்லோருக்கும் கேட்க. "இவவ வெளிய அனுப்பினா நான் இஞ்ச தொழ மாட்டன்."

 பின்னாலேயே வந்த றாஹிலா வாசலில் நின்றாள். கடைசி ஸஃபில் நின்ற ஒருத்தி குனிந்து, மூலையில் குவிந்து கிடந்த பைகளை ஒதுக்கி, சிவரூபினிக்கு இருக்க இடம் விட்டாள்.