பொட்டுக்கு அடியில் இருந்த நம்பர்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதனால்தான், "எட்டு பலகைதானே பாஸ், நானே தனியா வெட்டிடுவேன்!" என்று விக்னேஸ்வரனிடம் சொல்லித் தொலைத்தேன்.

செனாவாங்கில் பலகைப் பட்டறை வைத்திருப்பவர் அவர். வயதில் என்னைவிடச் சின்னவர். என்னை அக்கா என்பார், நான் பாஸ் என்பேன். மூன்று வருடமாக எனக்கு அங்கே உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற வேலை. மூக்கெல்லாம் தூசி. ஆனால் என் கண் முழுக்க சிஎன்சி மெஷின் மேல்தான். கணினியில் கோடு போட்டுக் கொடுத்தால் தானே ஓடி வெட்டும். ஆறு மாதமாக அதன் பக்கத்தில் நின்று நின்று கற்றுக்கொண்டேன்.

"சரிக்கா. இது ஒழுங்கா வந்தா திங்கக்கெழமைலேர்ந்து மெஷின் உங்களுக்கு. சொதப்பினா?"

"சொதப்பினா மறுபடியும் தேய்க்கிறேன். போதுமா?"

ரந்தாவ் பக்கத்து எஸ்டேட் கோயிலில் தீபாவளிக்குக் குத்துவிளக்கு வைக்க இரண்டு சதுர மேடைகள் வேண்டும். ஒரு மேடைக்கு நான்கு பலகை. விளிம்பைச் சாய்வாக வெட்டினால்தான் மூலையில் பலகையும் பலகையும் இடைவெளி இல்லாமல் சேரும். விக்னேஸ்வரன் லோரியில் கோலா பிலாவுக்குச் சாமான் இறக்கப் போய்விட்டார். நான் பெட்டியிலிருந்து சாய்வு வெட்டும் பிட்டை, அதாவது வெட்டுமுனையை, எடுத்து மாட்டி, மெஷினை ஓட்டினேன். எட்டும் வெண்ணெய் மாதிரி வந்தன. பெருமை தாங்கவில்லை எனக்கு.

நான்கு பலகைகளை வரிசையாக டேப் போட்டு ஒட்டி, சதுரமாக மடித்தேன். மூலையில் வெளிப்பக்கம் டேப் பிய்ந்து என் விரல் நுழைந்தது! நான்கு மூலையும் அப்படியே. அலாமாக்!

பிட்டைக் கழற்றிப் பார்த்தேன். கழுத்தில் சந்தனம் காய்ந்து, மேலே குங்குமம். போன வாரம் ஆயுத பூஜைக்கு எல்லா பிட்டையும் கழுவி, பொட்டு வைத்து, திரும்பப் பெட்டிக்குள் அடுக்கியது யார்? நான்தான். சாய்வுக் கோணத்தின் நம்பர் மேலேயே பொட்டை அப்பி, பெட்டியில் குழி மாற்றியும் வைத்திருக்கிறேன். நகத்தால் சுரண்டினேன். 45. சதுரத்துக்கு வேண்டியது 90. ஒன்று கூர்மை, ஒன்று அகலம். கண்ணைத் திறந்து பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். என் மேலேயே எனக்கு அப்படியொரு கோபம்.

மடித்த பலகைகளை ஆத்திரத்தில் தள்ளிவிட்டேன். அவை பாதி விரிந்து கிடந்தன. விரிந்த இடத்தில் ஒரு மூலை மயிரிழைகூடத் தெரியாமல் மூடியிருந்தது. நான் குனிந்தேன். பாதிச் சாய்வு என்றால் பாதி வளைவு. அப்படியானால் நான்கு பலகை போதாது, எட்டு வேண்டும்! மீதி நான்கையும் சேர்த்து ஒட்டிச் சுற்றினேன். கடைசி விளிம்பு முதல் விளிம்போடு 'டக்' என்று போய் உட்கார்ந்தது. எட்டு மூலை மேடை.

அந்த நேரம் பார்த்து விக்னேஸ்வரன் வந்து இறங்கினார். கூடவே கோயில் செயலாளர் புஷ்பவள்ளியும், வேலையைப் பார்க்க. ஒளித்து வைக்கலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. சீச்சீ.

"பாஸ், தப்பு என்னோடது. பொட்டு வச்சப்ப பிட்ட மாத்தி வச்சிட்டேன். ரெண்டு சதுரம் வரல. இதான் வந்திருக்கு."

அவர் மூலைகளை ஒவ்வொன்றாக விரலால் தடவினார். புஷ்பவள்ளிதான் வாயைத் திறந்தார்.

"ஐயோ, இது அழகா இருக்கே லா! பெரிய விளக்க மண்டபத்து நடுவுல வச்சா எட்டுப் பக்கமும் ஆளுங்க நின்னு கும்பிடலாம். இதையும் குடுத்துடுங்க தம்பி. ஆனா நான் கேட்ட சதுரம் ரெண்டும் வேணும், சொல்லிட்டேன்."

அவர் போனதும் விக்னேஸ்வரன் புதுப் பலகையைத் தூக்கி மெஷின் மேல் போட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டு உப்புத்தாளை எடுக்கப் போனேன்.

"எங்கக்கா போறீங்க? பிட்ட மாட்டுங்க. இந்தத் தடவ நம்பரப் பாத்து."

என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, பொய் சொல்வானேன். 90-ஐ எடுத்து, பொட்டைத் துடைத்து, இரண்டு முறை படித்துவிட்டு மாட்டினேன்.

"அப்ப இந்த எட்டு மூலைய யாரு பாஸ் தேய்க்கிறது?"

அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உப்புத்தாளை எடுத்தார்.