அக்காவின் பிஸ்கட் ஆறாத பதினோரு வருஷம்

லிஃப்ட் மெக்கானிக் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தன் அக்காவுக்காகச் சுட்ட வெண்ணெய் பிஸ்கட் பதினோரு வருஷம் ஆறவில்லை. அதே தட்டில் வெந்த மற்ற பதினைந்தும் ஒரு காப்பி குடித்து முடிப்பதற்குள் ஆறிப்போய், சாயங்காலத்துக்குள் தீர்ந்தும் போயின. இந்த ஒன்று மட்டும் திங்கட்கிழமையும் சூடாக இருந்தது, செவ்வாயும் இருந்தது. தட்டில்தான் ஏதோ கோளாறு என்று தட்டை மாற்றினார்கள். பிறகு ஃபிரிட்ஜில் வைத்தார்கள். மூன்றாம் நாள் பால் திரிந்தது, ஃபிரிட்ஜின் மோட்டார் மூச்சு முட்டி நின்றது. கீழ்வீட்டு அறிவியல் வாத்தியார் தெர்மாமீட்டரோடு வந்து ஐம்பத்தெட்டு டிகிரி என்று குறித்துக்கொண்டார். மாதாமாதம் வந்தார், அரை டிகிரி கூடவில்லை, குறையவில்லை. ஒரு வருஷத்துக்குப் பிறகு சலித்துப்போய் வருவதை நிறுத்திக்கொண்டார். ஆஸ்பத்திரி லாண்டரியில் ஷிஃப்ட் வேலை பார்த்த அம்மாதான் முதல் நாளிலிருந்தே ஆச்சரியப்படவில்லை. "அவளுக்கு மனசு ஆறல, இதுவும் ஆறல. இதுல என்ன அதிசயம்?" என்றாள்.

அக்கா அவனைவிட ஒன்பது வயது மூத்தவள். அம்மா ஷிஃப்டில் இருந்த நாட்களில் அவனைக் குளிப்பாட்டியதும் ஷூ லேஸ் கட்டிவிட்டதும் கணக்குக்காகக் காதைத் திருகியதும் அவள்தான். தொழிற்பள்ளியில் படிக்கும்போது யாரோ தூக்கிப்போட்ட ஓவன் ஒன்றை அவன் கொண்டுவந்து சரிசெய்தான். எவ்வளவு பாடுபட்டும் அதன் இடது பின்மூலை மட்டும் எதை வைத்தாலும் கருக்கியது. கருகல் பிஸ்கட்டை எறியப்போனவனைத் தடுத்து, "அந்த மூலை என்னோடது. நல்லதையெல்லாம் நீங்க தின்னுங்க," என்றாள் அக்கா. அதுமுதல் ஞாயிறுதோறும் ஓரம் கருகியது அவளுக்கு, சர்க்கரை தூவியது அம்மாவுக்கு, மீதி அவனுக்கும் அக்கம்பக்கத்துக்கும் என்று ஆகிவிட்டது.

அக்காவுக்கு முப்பத்துமூன்று வயதானபோது, அவளைக் கட்டிக்கொள்ள விரும்பி ஒரு நில அளவையாளர், வீட்டுக்கு டீ குடிக்க வந்தார். தம்பி எல்லாருக்கும் பிஸ்கட் எடுத்துக்கொடுத்தபடி, "எங்க அக்காவுக்குக் கோபம் வந்தா வீட்டுல ஒரு தட்டு முழுசா மிஞ்சாது சார். நாங்க பிளாஸ்டிக்குக்கு மாறி ரொம்ப நாளாச்சு," என்றான். அவர் சிரித்தார், இன்னொரு டீ வாங்கிக் குடித்தார், போனார். பிறகு வரவேயில்லை. ஒரு மாதம் கழித்து, தனக்கு அமைதியான வீடு வேண்டும் என்று போனில் சொல்லிவிட்டார். அக்கா கோபத்தில் ஒரு ஸ்பூனைக்கூடக் கீழே போட்டதில்லை. "ஏன்டா அப்படிச் சொன்ன?" என்று மட்டும் கேட்டாள். "சும்மா விளையாட்டுக்குக்கா," என்றான். மறுநாள் ஞாயிறு. ஓவனில் பிஸ்கட் வெந்துகொண்டிருக்கும்போதே அவள் பெட்டியோடு படியிறங்கிவிட்டாள்.

வருஷங்கள் போயின. அவள் நகரத்தின் மறுகோடியில், ஒரு பெரிய கட்டடத்தின் நாலாம் மாடியில் கண்ணாடிக் கடை வைத்தாள். அம்மாவை மட்டும் அவ்வப்போது அங்கே வரச் சொல்லிப் பார்ப்பாள். தம்பி பேச்சை எடுத்தால் லென்ஸ் துடைக்க ஆரம்பித்துவிடுவாள். அவன் பிஸ்கட்டைத் தபாலில் அனுப்பினான். அட்டைப்பெட்டி பிரிக்காமலே, அதே சூட்டோடு திரும்பி வந்தது. நேரில் கொண்டுபோனான். "கஸ்டமரைக் கவனிம்மா," என்று உதவிக்கு இருந்த பெண்ணிடம் சொல்லிவிட்டு அக்கா உள்ளே போய்விட்டாள். வருஷம் ஒருமுறை போய் வந்ததில், பார்வையில் ஒரு குறையும் இல்லாத அவனிடம் ஏழு மூக்குக்கண்ணாடிகள் சேர்ந்தன. இதற்கிடையில் அவனுக்குக் கல்யாணம் ஆகி ஒரு மகளும் பிறந்தாள். மனைவி குழந்தையின் ஈர சாக்ஸை அந்த பிஸ்கட்டின் மேல் காயப்போட்டாள். அம்மா முழங்காலுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டாள். காதுவலி என்று மூன்றாம் வீட்டுக்காரர் வந்து அதைக் கடன் வாங்கிப் போனார். குளிர்காலத்தில் லிஃப்ட் குழிக்குள் விரல் விறைத்து ஸ்பானர் நழுவும் என்பதால், காலையில் அவனே அதைத் துணியில் சுற்றி டூல்பேக்கில் போட்டுக்கொண்டு போவான்.

பதினோராவது வருஷக் குளிர்காலத்தில், வழக்கமான ஆள் லீவு என்று, அந்தக் கட்டடத்துக்கே அவனை அனுப்பினார்கள். மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் லிஃப்ட் நின்றிருந்தது. மோட்டார் அறையில் மின்சாரத்தை அணைத்துவிட்டு நாலாம் மாடிக் கதவைத் திறந்தான். கீழே, ஒரு சாண் இடைவெளியில், இருட்டிலிருந்து இருமல் கேட்டது. அந்த இருமலை அவனுக்குத் தெரியும். தரையில் குப்புறப் படுத்து முகத்தை இடைவெளியில் வைத்தான்.

"பிரேக் இறுகியிருக்குக்கா. பார்ட் வர ஒரு மணி நேரம் ஆகும்."

உள்ளே லென்ஸ் துடைக்க வழியில்லை.

"கொஞ்சம் குளிருது," என்றாள் கடைசியில், லிஃப்டிடம் சொல்வதுபோல.

அவன் துணிப்பொட்டலத்தை இடைவெளி வழியாக இறக்கினான். அவள் அதை இரண்டு கைகளிலும் வாங்கிக்கொண்டது தெரிந்தது. பிறகு அவன் சொன்னான்:

"அன்னிக்கு நான் விளையாட்டுக்குச் சொல்லலக்கா. அவரு உன்னைக் கூட்டிட்டுப் போயிடுவாருன்னு பயந்துதான் சொன்னேன். வேணும்னேதான் சொன்னேன்."

"அது எனக்கு அன்னிக்கே தெரியும்டா," என்றாள் அக்கா. "நீயா எப்ப சொல்லுவன்னுதான் பார்த்துட்டிருந்தேன்."

"சொல்ல வரும்போதெல்லாம் கண்ணாடியை மாட்டிவிட்டு அனுப்பிட்டியே!"

உள்ளே ஒரு சத்தம் வந்தது. அழுகையா சிரிப்பா என்று அவனுக்குப் பிடிபடவில்லை. பிறகு பிஸ்கட் உடைவது கேட்டது, அதற்குப் பின் மெல்லுவது.

லிஃப்ட் ஏறி நின்றபோது வாயோரம் தூளோடு அக்கா வெளியே வந்தாள். பாதிதான் தின்றிருந்தாள். மறுபாதி துணியில் இன்னும் சூடாக இருந்தது. "அதையும் தின்னுடேன்," என்றான் தம்பி. "எல்லாத்தையும் ஒரே நாள்ல முழுங்க முடியாது," என்று அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டாள் அக்கா.

இப்போது அவள் ஞாயிறுதோறும் வருகிறாள். மூலைப் பிஸ்கட்டுக்கு அவளுக்கும் தம்பி மகளுக்கும் சண்டை நடக்கிறது. பெரும்பாலும் சிறுமிதான் ஜெயிக்கிறாள். சாக்ஸ் காயப்போட இடமில்லாமல் போனதில் தம்பி மனைவிக்கு மட்டும் கொஞ்சம் வருத்தம். அந்தப் பாதி பிஸ்கட் கண்ணாடிக் கடையின் மேசையில் ஒரு பீங்கான் தட்டில் இருக்கிறது. பிளாஸ்டிக் ஃபிரேமை அதன் மேல் கொஞ்ச நேரம் வைத்தால் இளகிக்கொடுக்கும்; அக்கா அதை ஆளுக்குத் தகுந்தபடி வளைத்து மாட்டிவிடுவாள். வருகிறவர்கள் யாரும் அதைப் பற்றிக் கேட்பதில்லை. காதுக்குப் பின்னால் உறுத்துகிறதா இல்லையா என்பதுதான் அவர்கள் கவலை.