கறுப்பு மாட்டுக்குக் கட்டிய சிவப்புத் துணி

எங்கள் வீட்டில் ஐந்து பேர், மூன்று மாடுகள், முப்பத்தொரு கோழிகள். இதில் ஒரு வேலையும் செய்யாமல் சாப்பிடும் ஜீவன் ஒன்றே ஒன்றுதான். அது மாடும் இல்லை, கோழியும் இல்லை. என் அண்ணன்.

அவனுக்கு நாங்கள் வைத்த பெயர் மேனேஜர். எனக்கு அவன் வைத்த பெயர் நோட்டு. எதையும் எழுதி வைக்காவிட்டால் எனக்கு நிம்மதி இருக்காது. எழுதிய பிறகும், சரியாகத்தான் எழுதினேனா என்று திரும்பிப் போய்ப் பார்ப்பேன். மேனேஜர் எதையும் எழுத மாட்டான், எதையும் திரும்பிப் பார்க்க மாட்டான். போனில் வீடியோ எடுப்பான். 'விவசாயம் ரொம்ப ஈஸி' என்று ஒரு சேனல் வைத்திருக்கிறான். அவனுக்கு ஈஸிதான்.

அன்று எனக்குத் தேர்வு. பாதியில் விட்ட பள்ளிப் படிப்பை மாலை வகுப்பில் முடித்துக்கொண்டிருக்கிறேன். ஆறு மணிக்குத் தேர்வு, தவறவிட்டால் அடுத்த வருஷம்தான். அங்கே போக எனக்கு இருக்கும் ஒரே வண்டி பால் வேன். மாலை ஐந்து மணிக்கு எங்கள் கேட்டருகே கேன் இருந்தால் வேன் நிற்கும். இல்லாவிட்டால் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விடும்.

காலை 5.10க்குத் தொழுவத்தைக் கழுவினேன். 5.40க்குப் பால் கறந்தேன். சிவப்பு மாட்டின் பாலை மட்டும் தனி வாளியில் கறந்து குழியில் கொட்டினேன். முந்தின நாள் மாலை மாட்டு டாக்டர் வந்து, மடி வீக்கத்துக்கு ஊசி போட்டிருந்தார். "மூணு நாளைக்கு இந்தப் பாலைக் கேன்ல சேர்த்துடாதீங்க. டெஸ்ட்ல மருந்து தெரிஞ்சுடும். அப்புறம் ஒரு மாசத்துக்கு உங்க பாலே வேணாம்னுடுவாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். ஊசி போட்ட மாட்டின் பின்னங்காலில் சிவப்புத் துணி கட்டுவது எங்கள் வீட்டு வழக்கம். கறக்க உட்காருபவர்கள் மாட்டைப் பார்ப்பதில்லை, துணியைத்தான் பார்ப்பார்கள். நானே கட்டினேன். எழுதியும் வைத்தேன்.

பிறகு கோழிக்கூண்டு, முட்டை பொறுக்குவது, அவரைப் பாத்திக்குத் தண்ணீர். அம்மா ஒரு கையால் அடுப்பையும் மறு கையால் துணி துவைப்பதையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா நாற்காலியை நிழலோடு நிழலாக நகர்த்திக்கொண்டே, எங்களுக்கு வேலை சொல்லும் வேலையைச் செய்தார்.

பதினோரு மணிக்கு மேனேஜர் எழுந்து வந்தான். தலையைப் படிய வாரிக்கொண்டு நேராக அவரைப் பாத்திக்குள் போய், நான் தண்ணீர் விட்ட செடியைத் தடவிக்கொடுத்தான். "நண்பர்களே, இது என் குழந்தை மாதிரி" என்றான் போனிடம். அவனுடைய குழந்தையின் வேரை ஒரு செருப்புக்காலால் மிதித்துக்கொண்டிருந்தான்.

"டேய், உன் குழந்தை சாகப்போகுது, காலை எடு" என்றாள் அத்தை. அத்தை அப்பாவின் தங்கை. மத்தியானக் கறவை அவளுடையது.

"அத்தை, ஃப்ரேம்ல வராதே!"

"நான் வந்தாத்தான்டா நாலு பேரு பார்ப்பாங்க."

அவன் தொழுவத்துப் பக்கம் போனான். நான் களஞ்சியத்தில் தீவனம் அளந்துகொண்டிருந்தேன். அங்கே அவன் என்ன செய்தான் என்று நான் போய்ப் பார்க்கவில்லை. எதையும் இரண்டு தடவை சரிபார்க்கும் நான், அதை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

4.20க்கு முகம் கழுவி, பேனா இரண்டு, அளவுகோல் ஒன்று எடுத்து வைத்துவிட்டுத் தொழுவத்துக்குப் போனேன். அத்தை கறந்து முடித்திருந்தாள். கேன் நிறைந்திருந்தது. சிவப்புத் துணி கறுப்பு மாட்டின் காலில் இருந்தது.

முதலில் என்னைத்தான் சந்தேகப்பட்டேன். நோட்டைப் புரட்டினேன். 'சிவப்பு மாடு' என்று என் கையெழுத்தில்தான் இருந்தது. ஆனால் என் கையெழுத்துக்கு யார் ஜாமீன்?

"அத்தை, எந்த மாட்டுப் பாலைக் கொட்டினே?"

"துணி கட்டினதைத்தான். ஏன்?"

"சிவப்பு மாட்டுக்கு மடி எப்படி இருந்துச்சு?"

"ஒரு காம்பு மட்டும் சூடா இருந்துச்சு. வெயில்ல நின்னிருக்கும்னு நெனச்சேன்."

மேனேஜர் போனிலிருந்து தலையைத் தூக்கினான். "துணியை நான்தான் மாத்தினேன். செவப்பு மாட்டுல செவப்புத் துணி எடுபடவே இல்ல. கறுப்புல பாரு, சும்மா பளிச்சுனு இருக்கு!"

அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் பெருமை வழிந்தது.

"அட அறிவுக்கொழுந்தே!" என்றாள் அத்தை.

சத்தம் கேட்டு அப்பா நாற்காலியை விட்டே எழுந்து வந்தார். அது அன்றைய நாளின் பெரிய செய்தி. விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தொண்டையைச் செருமினார். "ஒரு காம்புதானே? இவ்வளவு பாலோட கலந்தா யாருக்குத் தெரியப்போகுது? கேனைத் தூக்கி வைங்க."

"டெஸ்ட் பண்ணுவாங்களேங்க" என்றாள் அம்மா.

"தினமுமா பண்றான்? இன்னைக்குப் பண்ண மாட்டான்." இதை அவருக்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. நாற்காலி சொல்லியிருக்கலாம்.

"அதான் அப்பாவே சொல்லிட்டாருல்ல" என்றான் மேனேஜர். "நோட்டு, உனக்குத்தானே பரீட்சை? கேன் போகலேன்னா வேன் நிக்காது. யோசிச்சுக்கோ."

யோசித்தேன். மணி 4.41. 4.45 வரை யோசித்தேன். அந்த நான்கு நிமிஷமும் நான் நினைத்தது பாலைக் குடிக்கப் போகிறவர்களைப் பற்றி இல்லை, தேர்வைப் பற்றித்தான். வாயை மூடிக்கொண்டு வேனில் ஏறிவிடலாம், மாட்டிக்கொண்டால் பழி மேனேஜர் தலையில் விழும் என்றுகூடக் கணக்குப் போட்டேன். அவனை ஏளனம் செய்ய எனக்கு என்ன தகுதி இருக்கிறது என்று அப்போது தோன்றியது. தோன்றியதும் எரிச்சல் வந்தது. கேனைக் காலால் சாய்த்தேன்.

பால் முழுவதும் குழியை நோக்கி ஓடியது. மேனேஜர் துள்ளி விலகினான், செருப்பு நனைந்துவிடுமே என்று.

"பைத்தியமாடி உனக்கு?" என்று கத்தினார் அப்பா.

"எழுதி வெச்சுக்கோங்கப்பா" என்றேன். "கொட்டினது நான், கொட்ட வெச்சது உங்க மேனேஜர்."

காலிக் கேனை மூடி போட்டு இழுத்துக்கொண்டுபோய்க் கேட்டருகே வைத்தேன். பக்கத்திலேயே நின்றேன். கேன் இருந்தால் வேன் நிற்கும். கேனுக்குள் பால் இருக்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

5.02க்கு வேன் நின்றது. டிரைவர் வழக்கம்போல மூச்சைப் பிடித்துக் கேனைத் தூக்கினார். அது இறகு மாதிரி மேலே வந்தது. பின்னால் இரண்டு அடி தடுமாறி, வேலியில் சாய்ந்து நின்றார்.

"என்னம்மா, இன்னைக்கு உங்க மாடு காத்தைக் கறந்துச்சா?"

விஷயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டு, தொழுவத்து வாசலில் போனோடு நின்றிருந்த மேனேஜரை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார். "கேனை வெச்சுட்டு நீ ஏறும்மா. அந்த ஆளை வேணா கறந்து பாருங்க, எதாவது வருதான்னு."

5.50க்கு வகுப்பில் இருந்தேன். எல்லாக் கேள்விக்கும் பதில் எழுதினேன். மூன்றாவது கேள்விக்கு எழுதியது சரிதானா என்று இன்னும் சந்தேகமாகவே இருக்கிறது.

மறுநாள் காலை துணியைச் சிவப்பு மாட்டுக்கே கட்டி, யாராலும் அவிழ்க்க முடியாதபடி நான்கு முடிச்சுப் போட்டேன். மேனேஜரின் வீடியோ அதற்குள் வெளிவந்துவிட்டது. அதில் கறுப்பு மாட்டைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே, 'நோய் வந்த மாட்டை அடையாளம் காண்பது எப்படி' என்று விளக்கிக்கொண்டிருந்தான். இருநூற்றுப் பதினான்கு பேர் லைக் போட்டிருந்தார்கள். இரண்டு தடவை எண்ணிப் பார்த்தேன். அதில் ஒருவர் எங்கள் அப்பா.