பாரிட் கரையில் சாய்ந்த வேன்

கல்யாணமாகி இரண்டாம் வருடம் திலீபனும் தாரணியும் ஒரு பழைய ஜப்பான் டீசல் வேனை வாங்கினார்கள். நான்கு சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும் வண்டி. ஜாசினில் அவர்கள் குடியிருந்த வாடகை வீட்டு வாசலிலேயே அதைப் பிரித்துப் போட்டு, பின்பக்கம் கட்டிலும் கேஸ் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் வைத்தார்கள். முன் பம்பரில் வின்ச் பொருத்தினார்கள். சேற்றில் மாட்டினால் அதன் கம்பியை ஒரு மரத்தில் கட்டி மோட்டாரைச் சுற்றவிட்டால் போதும், வண்டி தன்னைத்தானே இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். திலீபன் ஏர்கண்டிஷன் பழுதுபார்ப்பவன். தாரணி பாலர் பள்ளி ஆசிரியை. லீவு கிடைத்தால் இருவரும் பகாங் பக்கம் மர லாரிகள் போட்ட காட்டுப் பாதைகளுக்குள் போய்விடுவார்கள்.

திலீபனின் அக்கா புனிதாவுக்கு அந்த வேனைக் கண்டாலே ஆகாது. மெர்லிமாவில் ஒரு பள்ளிக்கூடத்துக் கேன்டீனை எடுத்து நடத்திக்கொண்டிருந்தாள். அவள் மகளின் நிச்சயதார்த்தத்தன்று தாய்மாமன் வரவில்லை. வேன் காட்டுக்குள் மாட்டிக்கொண்டது என்று மறுநாள்தான் போன் வந்தது. இந்தப் பைத்தியம் முழுக்கத் தாரணியால் வந்தது என்று புனிதா முடிவு கட்டிவிட்டாள். நேரில் சொல்லவில்லை. அடுப்படியில் அம்மாவிடம் சொன்னதைத் தாரணி கேட்டிருந்தாள்.

அக்காவைச் சமாதானப்படுத்தத்தான் திலீபன் அந்தச் சனிக்கிழமை அவளையும் கூட்டிக்கொண்டான். மெர்லிமாவிலிருந்து தார் ரோட்டைத் தொடாமல் செம்பனைத் தோட்டங்களின் உள்பாதையிலேயே போய், சுங்கை ரம்பாய் தாண்டி ஆற்றங்கரையில் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு, பொழுது சாய்வதற்குள் திரும்புவதாகத் திட்டம். காட்டோடு ஒப்பிட்டால் இதெல்லாம் பாதையே இல்லை என்று வழி நெடுக அக்காவுக்குச் சொல்லிக்கொண்டே வந்தான். புனிதா முன்சீட்டின் கைப்பிடியை விடாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

காலையில் நல்ல மழை பெய்திருந்தது. தோட்டத்தின் கடைசிப் பகுதியில் பாதை குறுகி ஒரு மண்கரையாக ஆனது. இடதுபக்கம் செம்பனை வரிசை. வலதுபக்கம் பாரிட், அதாவது தோட்டத்துத் தண்ணீரையெல்லாம் ஆற்றுக்குக் கொண்டுபோகும் பெரிய வாய்க்கால். தண்ணீர் தேத்தாரே என்னும் பால் தேநீரின் நிறத்தில் மெல்ல ஓடிக்கொண்டிருந்தது.

தாரணிக்கு அந்தக் கரையைப் பிடிக்கவில்லை. பின்னால் எடுத்து, வந்த வழியே திரும்பிவிடலாம் என்றாள். வேறு நாளாக இருந்தால் திலீபன் கேட்டிருப்பான். அக்கா பார்த்துக்கொண்டிருக்கும்போது திரும்பிப் போக அவனுக்கு மனமில்லை. நான் இறங்கி வழி காட்டுகிறேன், நீ ஓட்டு என்றான். கஷ்டமான இடங்களில் அவர்கள் எப்போதும் செய்வது அதுதான். மெதுவாக, அங்குலம் அங்குலமாக ஓட்டுவதில் அவள் கை அவனுடையதைவிட நிதானமானது. புனிதாவையும் இறக்கி, பின்னால் நடந்து வரச் சொன்னார்கள்.

திலீபன் வலது முன்சக்கரத்துக்குப் பக்கத்தில், பாரிட் ஓரமாக, பின்னோக்கி நடந்தான். சக்கரத்துக்கும் விளிம்புக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது என்று அங்கிருந்துதான் தெரியும். வா, வா என்று கையைக் காட்டினான். தாரணி வந்தாள்.

கரை சத்தமே இல்லாமல் போனது. முதலில் அவன் காலுக்குக் கீழே, பிறகு சக்கரத்துக்குக் கீழே. அவன் மல்லாந்து தண்ணீரில் விழுந்தான். அவன் எழுவதற்குள் வேன் வலதுபக்கமாகச் சாய்ந்து அவன் மீதே சறுக்கி இறங்கி நின்றது.

தாரணி சீட் பெல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தாள். திறந்திருந்த ஜன்னலுக்கு நேர் கீழே, கை நீட்டினால் தொடும் தூரத்தில், அவன் முகம் தெரிந்தது. இடுப்புவரை தண்ணீர். கதவுக்கு அடியில் இருந்த இரும்புப் படி அவன் இடது காலைச் சேற்றுக்குள் அழுத்திக்கொண்டிருந்தது.

"அசையாத, தாரணி," என்றான். "நீ அசைஞ்சா வண்டி இறங்குது."

அவள் இன்ஜினை நிறுத்தினாள். இடதுபக்கக் கதவு இப்போது தலைக்கு மேலே மேட்டில் இருந்தது. புனிதா ஓடிவந்து அதைத் திறந்து, முழு எடையையும் போட்டுத் தொங்கியபடி ஒரு கையை உள்ளே நீட்டினாள். தாரணி பெல்ட்டைக் கழற்றி, சீட்டின் மேல் வயிற்றால் ஊர்ந்து ஏறினாள். நடுவில் வேன் ஒருமுறை முனகிக் கீழே நகர்ந்தது. திலீபன் கத்தினான். இருவரும் அப்படியே அசையாமல் இருந்தார்கள். பிறகு புனிதா ஒரே இழுப்பில் அவளை வெளியே கொண்டுவந்து போட்டாள்.

போனில் சிக்னல் வந்து வந்து போனது. அவசர நம்பர் கிடைத்தபோது தாரணி இடத்தைச் சொல்லத் திணறினாள். தோட்டத்துக்குள் என்ன முகவரி இருக்கிறது? கரை முனையில் நட்டிருந்த பிளாக் பலகையின் நம்பரைச் சொன்னாள். தீயணைப்புப் படையான பொம்பா வரும், காத்திருங்கள் என்று சொல்லும்போதே தொடர்பு அறுந்தது.

புனிதா செருப்பை உதறிவிட்டுப் பாரிட்டில் இறங்கித் தம்பியின் தலைமாட்டுக்குப் போய் அவன் தோளைத் தாங்கிக்கொண்டாள். பிறகு கரையில் நின்ற தாரணியை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீதான ஓட்டுன."

தாரணி தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சற்று முன் ஒரு காய்ந்த செம்பனை மட்டை ஆற்றுப் பக்கமாக மிதந்து போய்க்கொண்டிருந்தது. இப்போது அது நகரவில்லை. எதிர்க்கரையில் வேர்கள் வெளியே தெரிந்த இடம் மறைந்துவிட்டிருந்தது. கடலில் நீர் ஏறும்போது ஆற்றோரத்து மதகை அடைத்துவிடுவார்கள் என்பது அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். மதகு அடைபட்டால் தோட்டத்து மழைத்தண்ணீர் போக இடமில்லாமல் பாரிட்டிலேயே ஏறும். திலீபனுக்கும் தெரிந்திருந்தது. இடுப்பில் இருந்த தண்ணீர் அவன் நெஞ்சுக்கு வந்திருந்தது.

தாரணி தன் யோசனையைச் சொன்னாள். வேனின் பின்பக்கத்தை வண்டி இழுக்கும் பெல்ட்டால் ஒரு மரத்தோடு கட்டிவிட்டு, முன்பக்கத்தை வின்ச்சால் இடப்பக்கம் இழுத்தால் அவன் கால் மேல் இருக்கும் படி கொஞ்சம் மேலே எழும். அந்த நேரத்தில் அவனை வெளியே இழுத்துவிடலாம்.

திலீபன் வேண்டாம் என்றான். ஒரு பக்கம் தூக்கினால் வண்டி சுழன்று மொத்தமாகத் தன் மேல் படுத்துவிடும் என்று பயந்தான். பொம்பா வரட்டும், அவர்களிடம் சாமான் இருக்கும் என்றான். இரண்டாம் முறை அவள் சொன்னபோது, "தொடாதன்னு சொல்றேன்ல," என்று சீறினான்.

புனிதா எழுந்தாள். தார் ரோட்டுக்கு ஓடிப்போய் நின்றால் பொம்பா லாரிக்கு வழி காட்டலாம் என்றாள். இந்தக் கரை லாரியைத் தாங்காது, அவர்கள் நடந்துதான் வர வேண்டியிருக்கும் என்றாள் தாரணி. "நீங்க போயிட்டா என்னால தனியா ஒண்ணும் முடியாது அண்ணி. நான் வின்ச் சுவிட்ச பிடிக்கணும். யாராவது அவர இழுக்கணும்."

"அவன் வேணாங்கிறான்."

"கேட்டுச்சு அண்ணி."

மேற்கே மறுபடியும் இருட்டிக்கொண்டு வந்தது. புனிதா தம்பியின் முகத்தைப் பார்த்தாள். உதடு வெளுத்திருந்தது. தண்ணீர் அக்குளுக்கு வந்துவிட்டதால் கைகளை மேலே தூக்கி வைத்திருந்தான். சின்ன வயதிலிருந்து வீட்டில் எந்தச் சண்டையிலும் அவள் அவன் பக்கம்தான். அவள் தண்ணீரிலிருந்து மேலே ஏறி, தாரணிக்கு எதிரே வந்து நின்றாள்.

"வண்டி அவன் மேல சாயுமா, சாயாதா? உண்மைய சொல்லு."

"தெரியல அண்ணி. சாயாதுன்னுதான் நெனக்கிறேன். சாஞ்சா நீங்களும் அடியிலதான் இருப்பீங்க. ஆனா தண்ணி ஏறுறது கண்ணுல தெரியுது."

புனிதா தலைமுடியை இறுக்கி முடிந்துகொண்டாள். "என்ன கட்டணும், காட்டு," என்றாள்.

பின்பக்கக் கொக்கியில் பெல்ட்டை மாட்டி, இடதுபக்கச் செம்பனை ஒன்றின் அடிமரத்தில் சுற்றி இறுக்கினார்கள். முட்கள் கையைக் கிழித்தன. வின்ச் கம்பியைத் தாரணி இழுத்துக்கொண்டு ஓடி, முன்னால் இருந்த மரத்தில் கட்டினாள். திலீபன் கீழிருந்து வேண்டாம், வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தான். பிறகு குரல் இறங்கி, அக்காவைக் கெஞ்ச ஆரம்பித்தான். புனிதா பாரிட்டில் இறங்கி அவன் பின்னால் உட்கார்ந்து, இரண்டு அக்குளிலும் கை கொடுத்து நெஞ்சோடு கட்டிக்கொண்டாள்.

தாரணி சுவிட்சை அமுக்கினாள். கம்பி விறைத்தது. வேன் கிறீச்சிட்டு, ஒரு விரல் அளவு, இரண்டு விரல் அளவு மேலே வந்தது. அப்போதுதான் முன்னால் இருந்த மரத்தைப் பார்த்தாள். ஊறிப்போன மண்ணில் அது வண்டியை நோக்கிச் சாய்ந்துகொண்டிருந்தது. அடியில் மண் வெடித்து வேர்கள் வெளியே வந்தன.

கையை எடுத்தாள். கம்பியைத் தளர்த்த முடியாது. தளர்த்தினால் வேன் பழையபடி அவன் காலில் இறங்கும். இழுத்தால் மரம் பிடுங்கிக்கொள்ளும். விறைத்த கம்பி ஒன்று அறுந்து பக்கத்தில் நின்றவன் கையைச் சீவியதை அவள் ஒருமுறை பகாங்கில் பார்த்திருக்கிறாள். இப்போது இந்தக் கம்பிக்குப் பக்கத்தில்தான் போக வேண்டும்.

லாரிகளில் சாமான் கட்டும் ராட்செட் பெல்ட் ஒன்று வேனின் பின்பெட்டியில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு, கம்பிக்கு அடியில் குனிந்து போய், சாயும் மரத்தின் கழுத்தில் மாட்டி, அதற்குப் பின்வரிசை மரத்தோடு சேர்த்து இழுத்தாள். ராட்செட்டின் பிடியை ஏற்றி ஏற்றி இறக்கினாள். தோள் விட்டுப்போகும்போல் இருந்தது. மழை பிடித்துக்கொண்டது.

"தாரணி," என்று புனிதா கூப்பிட்டாள். கத்தவில்லை. "வாய்க்கு வந்துருச்சு."

தாரணி திரும்பி ஓடிவந்து சுவிட்சை எடுத்தாள். திலீபன் முகத்தை வானத்துக்குத் தூக்கி வைத்து மூச்சுவிட்டுக்கொண்டிருந்தான். அவள் அமுக்கினாள். மரம் கொஞ்சம் சாய்ந்து, பெல்ட் இறுகியதும் நின்றது. வேன் ஏறியது. பின்பக்கம் ஒருமுறை வழுக்கிப் பாரிட் பக்கம் நகர்ந்தது. புனிதா கண்ணை மூடிக்கொண்டாள், கையை எடுக்கவில்லை. பின்பெல்ட் படீரென்று விறைத்து வண்டியை நிறுத்தியது.

"இழுங்க அண்ணி."

சேறு விடவில்லை. புனிதா காலைக் கரைச்சரிவில் ஊன்றி மறுபடி இழுத்தாள். திலீபன் அலறினான். பூட்ஸைச் சேற்றுக்குக் கொடுத்துவிட்டு அவன் கால் வெளியே வந்தது. இருவரும் தண்ணீருக்குள் போய் எழுந்தார்கள். புனிதா அவனை வேனிடமிருந்து தள்ளி இழுத்துக்கொண்டு போனாள். தாரணியும் குதித்து இறங்கினாள். இரண்டு பேருமாக அவனைக் கரையில் ஏற்றினார்கள்.

மரத்தடியில் மூவரும் மழையில் கிடந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து முன்னால் இருந்த மரம் மெல்லக் கழன்றது. வேன் அவசரமே இல்லாமல் பாரிட்டுக்குள் பக்கவாட்டில் படுத்தது. தண்ணீர் ஜன்னல் வழியாக உள்ளே போனது. புனிதா தன் துப்பட்டாவைப் பிழிந்து திலீபனின் முகத்தைத் துடைத்தாள். பிறகு, யோசிக்காமலே, தாரணியின் கையில் வழிந்த ரத்தத்தையும் துடைத்தாள்.

பொம்பாக்காரர்கள் தூக்குக் கட்டிலோடு நடந்துதான் வந்தார்கள்.

கால் இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. மலாக்காவில் ஆபரேஷன் செய்து உள்ளே கம்பி வைத்தார்கள். நடக்கலாம், ஆனால் மாதங்கள் ஆகும் என்றார் டாக்டர். ஆஸ்பத்திரியில் பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் திலீபன் நடந்ததைச் சொன்னான். சொல்லச் சொல்லக் கதை கொஞ்சம் மாறியது. தண்ணீர் ஏறுவதைத் தானே கண்டுபிடித்ததாகச் சொன்னான். ஒரு நாள் அவன் பெரியப்பா இருளாண்டி வந்திருந்தபோது, "நான்தான் சொன்னேன், வின்ச் போட்டு இழு, பயப்படாதன்னு," என்றான்.

தாரணி கட்டிலுக்குப் பக்கத்தில் ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. இதை அவள் ஏற்கெனவே இரண்டு பேரிடம் சொல்லக் கேட்டுவிட்டாள். உயிரோடு இருக்கிறான், எப்படியும் சொல்லிக்கொள்ளட்டும் என்றிருந்தாள்.

புனிதா கால்மாட்டில் போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"இல்லலா தம்பி," என்றாள். "நீ வேணாம்னு சொன்ன. கடைசிவரைக்கும் சொன்ன. என்னையும் கெஞ்சுன. இவதான் கேக்காம இழுத்தா."

இருளாண்டி பெரியப்பா ஜன்னல் பக்கம் பார்த்தார். திலீபனின் முகம் சிவந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தான். அக்கா அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் பார்வையில் கோபமில்லை, ஆனால் விட்டுக்கொடுப்பதாகவும் இல்லை.

"ஆமா," என்றான் கடைசியில். பிறகு தாரணியிடம் திரும்பினான். "ரொம்ப பயந்துட்டேன். வண்டி என் மேல விழுந்துரும்னுதான் தோணுச்சு. வேற எதுவுமே தோணல."

"எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு," என்றாள் தாரணி. உரித்த சுளைகளை அவன் கையில் வைத்தாள். ஒன்றை எடுத்துப் பெரியப்பாவிடம் நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டு, இங்கே சாப்பாடெல்லாம் எப்படி, உறைப்பு போடுகிறார்களா என்று விசாரித்தார்.