கன்னி மூலையில் ஒரு பெட்டி

மண்ணூரில் வீட்டுக்காரர் ரத்தினம் வாங்கிய புது ஹோம் தியேட்டரை மாட்ட வந்தவன், அவரிடமே குடியிருந்த கொம்பையாதான். சொந்த ஊரில் கல்யாணங்களுக்கு மைக்செட் கட்டியவன், இங்கே கம்பெனியில் காலை ஷிஃப்ட். அவனுக்குத் தெரியாத ஸ்பீக்கரா? ஐந்தையும் அரை மணியில் மாட்டிவிட்டான். ஆறாவதான, கும்கும்மென்று அதிரும் சப்வூஃபர் பெட்டியில்தான் வந்தது சங்கடம்.

"அத கன்னி மூலையில வெச்சிடுப்பா," என்றார் ரத்தினம்.

அந்தத் தென்மேற்கு மூலைச் சுவருக்குப் பின்னால்தான் கொம்பையாவின் அறை. அங்கே அறைத்தோழன் வனமாமலை தூங்கிக்கொண்டிருந்தான். அவனுக்கு நைட் ஷிஃப்ட், பிரஸ் மெஷினில். போன வாரம் கண் அசந்து, கையை உள்ளே விட்டு, மயிரிழையில் தப்பியவன். பகல் தூக்கம்தான் அவன் விரல்களுக்குக் காவல்.

"மூலையில வச்சா கும்முன்னு அடைக்கும் அண்ணாச்சி. சோபா பக்கத்துல வைப்பமா?"

"கன்னி மூலையில வெயிட்டு இல்லேன்னா வூட்டுக்கு ஆவாது. நீ வெய்யி."

பின்னால் ஒருத்தன் தூங்குகிறான் என்று சொல்ல வாய்வரை வந்தது. முன்பு குடியிருந்தவர்கள் தண்ணீருக்குக் குறை சொல்லி, அந்த மாதமே சாமானைத் தூக்க வேண்டிவந்தது நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டான், பாவி. அதற்குப் பதில் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தான். பெட்டியின் முதுகில் ஒரு சின்ன சுவிட்ச் உண்டு. அதைத் திருப்பினால் பெட்டியின் ஒலியும் மற்ற ஸ்பீக்கர்களின் ஒலியும் ஒன்றையொன்று தின்றுவிடும். சோபாவில் உட்கார்ந்தவருக்கு அதிர்வே தெரியாது. அதைத் திருப்பிவைத்தான்; மனிதர் சலித்துப்போய்ப் பெட்டியை அணைத்துவிடுவார் என்று நினைத்தான்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது. சத்தம் பத்தவில்லை என்று ரத்தினம் பெட்டியின் வால்யூம் குமிழை முழுசாகத் திருப்பிவிட்டார். சோபாவில் சப்பென்றுதான் இருந்தது; சுவருக்கு அப்பால் பெட்டியின் ஒலியைத் தின்ன ஒன்றுமில்லை. பின்னறையில் தட்டும் டம்ளரும் நடுங்கின. அடுத்த மூன்று நாளும் பகலெல்லாம் வனமாமலை காதில் தலையணையை அமுக்கிக்கொண்டு புரண்டான்.

"எல, நீதான மாட்டுன? அவருட்ட ஒரு வார்த்த சொல்லேன்."

"ஞாயித்துக்கெழம சரி பண்ணிருதேன்."

சனிக்கிழமை விடியலில் பிரஸ் வனமாமலையின் வலக்கையில் இரண்டு விரல்களை எடுத்துக்கொண்டது.

ஆஸ்பத்திரிக்கு ரத்தினம் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்தார். கட்டுப்போட்ட கையைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"ரெண்டு பேரும் வேலைக்குப் பூட்டீங்கன்னு இல்ல நெனச்சிகினு இருந்தேன். தூங்குற புள்ளன்னு சொல்லியிருந்தா பெட்டியத் தொட்டிருப்பேனா? சத்தம் அங்க அடிக்கும்னு உனக்குக் கூடவா தெரியாது கொம்பையா?"

"தெரியும் அண்ணாச்சி," என்றான் கொம்பையா.

வனமாமலை முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.