ஆமா, நான்தான்

அவளுக்கு வாய்த்த குரல் அப்படி. ஆளைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஊதினால் பறந்துபோகிற உடம்பு. வாயைத் திறந்தால்தான் பக்கத்தில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். போனில் கேட்கவே வேண்டாம், கேஸ் சிலிண்டருக்குச் சொன்னாலும் "சரிங்க சார்", டாக்டரிடம் நேரம் கேட்டாலும் "வாங்க சார்". கல்யாணமான புதிதில் அதற்காக அழுதும் இருக்கிறாள். பஸ் டிரைவரான அவள் புருஷன்தான் அதை விளையாட்டாக்கினார். வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே, "சார், சாப்பாடு ரெடியா?" என்பார். முப்பது வருஷம் அந்த வீட்டில் அவளுக்கு அதுதான் பேர்.

மனுஷன் அதோடு விட்டாரா என்றால் இல்லை. லீவு நாளில் வண்டி எடுக்க வரச்சொல்லி விடிகாலையில் டிப்போவிலிருந்து போன் வரும். போர்வைக்குள் இருந்தபடியே போனை அவள் பக்கம் தள்ளுவார். அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஆமா, நான்தான் பேசறேன். ராத்திரியிலேர்ந்து வயித்தால போகுது, எழுந்து நிக்க முடியல" என்பாள். பக்கத்தில் போர்வை குலுங்கும். அந்தப் பக்கம் ஒரு தடவைகூட சந்தேகம் வந்ததில்லை. இந்தத் திருட்டுத்தனத்தை நினைத்து நினைத்து இரண்டு பேரும் வருஷக்கணக்கில் சிரித்திருக்கிறார்கள்.

ரிட்டயரான நாலாம் வருஷம், ஒரு பதினோராம் தேதி காலையில், குளிக்கப் போன டிரைவர் அங்கேயே சரிந்தார். வந்த சொந்தமெல்லாம் அழுதுவிட்டுக் கிளம்பிப் போனது. நர்ஸ் படிப்பில் கடைசி வருஷத்தில் இருந்த மகளும் ஹாஸ்டலுக்குத் திரும்பினாள். அவளுக்கு மாசக் கடைசிக்குள் ஃபீஸ் கட்டவேண்டும். டிரைவர் பென்ஷனில் பாதி பெண்டாட்டிக்கு வரும்தான். ஆனால் செத்ததைச் சொன்ன நிமிஷமே முழுசும் நின்றுவிடும், பாதி வருவதற்குக் காகிதம் மேசை மேசையாக நகர்ந்து நாலைந்து மாசம் ஆகும் என்று இன்னொரு டிரைவரின் மனைவி சொல்லியிருந்தாள். நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று இவள் நாளைக் கடத்தினாள்.

இருபத்தொன்றாம் தேதி போன் வந்தது. சின்னப் பெண்ணின் குரல், அவ்வளவு மரியாதை.

"சார், பென்ஷன் ஆபீஸ்லேர்ந்து பேசறேன். மூணு மாசத்துக்கு ஒரு தடவை எல்லாருக்கும் பண்றதுதான். உயிரோட இருக்கீங்களான்னு சரிபார்க்கணும், தப்பா எடுத்துக்காதீங்க. சார்தானே?"

"அவர் போயிட்டார்மா" என்பது நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வெளியே வந்தது வேறு.

"ஆமா, நான்தான்."

பழக்கதோஷம் என்று சொல்லித் தப்பிக்கலாம். முதல் வார்த்தைக்கு வேண்டுமானால் அது செல்லும். பிறந்த தேதி, எந்த டிப்போ, எத்தனை வருஷ சர்வீஸ் என்று அந்தப் பெண் கேட்கக் கேட்க டாண் டாண் என்று பதில் சொன்னாளே, அதற்கு என்ன பேர் வைப்பது? போனை வைத்ததும் அவளுக்கே உடம்பு கூசியது. மாசக் கடைசியில் பென்ஷன் ஏறியதும் அவர் கார்டைக் கொண்டுபோய்ப் பணம் எடுத்து ஃபீஸ் கட்டினாள்.

சும்மா உட்கார்ந்தும் சாப்பிடவில்லை. இரண்டு தெரு தள்ளி இருந்த லாண்டரியில் வேலைக்குச் சேர்ந்தாள். ஹோட்டல் படுக்கை விரிப்புகள் மலை மலையாக வரும். கறை பார்த்து, நாலு மூலையையும் பிடித்து மடித்து, பத்து பத்தாகக் கட்டவேண்டும். அடுத்த மாசம் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு மாசமும் தனக்கே வாக்குக் கொடுத்துக்கொண்டாள். வழியில் யாராவது "எப்படிம்மா சமாளிக்கறே?" என்று கேட்டால் பதில் சொல்லாமல் தலையைக் குனிந்துகொள்வாள். பாவம், துக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். அது துக்கம் மட்டும் இல்லை, வெட்கம்.

மூன்று மாசம் கழித்து அதே பெண். மகள் லீவுக்கு வந்து உள் அறையில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"நல்லா இருக்கீங்களா சார்? அம்மா எப்படி இருக்காங்க?"

இது கேட்க வேண்டிய கேள்வியே இல்லை, பாசத்தில் கேட்டது.  அவர் இருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ, இவள் அதையே சொன்னாள்.

"அவளுக்கென்னம்மா, குத்துக்கல்லாட்டம் இருக்கா."

அந்தப் பெண் சிரித்தாள். இவளும் அவரைப் போலவே ஹஹ்ஹா என்று சிரித்துவிட்டுப் போனை வைத்தாள். திரும்பினால் அறை வாசலில் மகள், தூக்கம் கலைந்த முகத்தோடு.

"அம்மா, ஒரு நிமிஷம் அப்பா வந்துட்டார்னு நெனச்சேன்" என்றாள். "ஓடி வந்தேன்மா."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். யாரிடம் பேசினாய், ஏன் பேசினாய் என்று மகள் கேட்டுக் கேட்டு வாங்கியபோது அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. எல்லாம் சொல்லி முடித்ததும் மகள், "என் ஃபீஸுக்கா?" என்று மட்டும் கேட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் லாண்டரிக்கு லீவு சொல்லிவிட்டு இறப்புச் சான்றிதழோடு பென்ஷன் ஆபீசுக்குப் போனாள். ஜெயிலில் போட்டாலும் போடட்டும் என்றுதான் போனாள். கவுண்டரில் ஒரு சின்னப் பெண், தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள்.

"என் வீட்டுக்காரர் தவறிட்டாரும்மா. அதைச் சொல்ல வந்தேன்."

பேனா நின்றது. அந்தப் பெண் நிமிர்ந்து, இவளைத் தாண்டிப் பின்னால் பார்த்தாள். வேறு யாரும் இல்லை.

"சார்?" என்றாள்.

முகத்துக்கு நேரே அவளை அப்படிக் கூப்பிட்டவர் உலகத்திலேயே ஒருத்தர்தான்.  இவள் சான்றிதழை முன்னால் தள்ளினாள். அந்தப் பெண் தேதியைப் படித்தாள், திரும்பவும் படித்தாள்.

"அப்ப என்கிட்ட பேசினது?"

"நான்தாம்மா. ரெண்டு தடவையும்."

அந்தப் பெண் கோபப்படவில்லை. பக்கத்து சீட்டுக்காரருக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நானே பேசினேன், உயிரோட இருக்கார்னு ரெண்டு தடவை கையெழுத்து போட்டிருக்கேன்மா."

இதை இவள் யோசிக்கவே இல்லை. அரசாங்கத்தை ஏமாற்றுகிறோம், ஆபீசை ஏமாற்றுகிறோம் என்றுதான் இத்தனை நாளும் குமைந்துகொண்டிருந்தாள். அந்தப் போனின் மறுபக்கம் ஒரு பிள்ளை தன் கையெழுத்தோடு உட்கார்ந்திருக்கும் என்று தோன்றவே இல்லை.

"உனக்கு ஒண்ணும் ஆகாதேம்மா?"

"தெரியலம்மா" என்றாள் அந்தப் பெண்.

பேசியது நான்தான், அந்தப் பெண் மேல் தப்பில்லை என்று, மேலதிகாரி கேட்டபடி, இவள் ஒரு காகிதத்தில் எழுதிக் கையெழுத்து போட்டாள். எடுத்த பணத்தை, வரப்போகிற பாதி பென்ஷனில் மாசாமாசம் பிடித்துக்கொள்வதாக முடிவாயிற்று. ஜெயிலும் இல்லை ஒன்றும் இல்லை. லாண்டரியில் சாயங்கால வேலையும் சேர்த்துக் கேட்டு வாங்கினாள். மகள் படிப்பு முடித்து ஒரு ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். எப்படியோ வண்டி ஓடியது.

பாதி பென்ஷன் வர ஆரம்பித்த பிறகு ஒரு நாள், விரிப்பு மடித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. இந்தத் தடவை ஆண் குரல்.

"சார், பென்ஷன் ஆபீஸ். அம்மாகிட்ட குடுங்க."

"நான்தாங்க அம்மா."

"சார், விளையாடாதீங்க. இப்படித்தான் ஒருத்தங்க ஆள் மாத்திப் பேசி, இங்க இருந்த பொண்ணைத் தூக்கி ஃபைல் ரூம்ல போட்டுட்டாங்க. என் பொழப்புலயும் மண்ணைப் போடாதீங்க. அம்மாவைக் கூப்பிடுங்க."

விரிப்பின் ஒரு மூலை கையிலிருந்து நழுவியது.

"நாளைக்கு நேர்லயே வரச்சொல்றேங்க" என்றாள். வேறு என்ன சொல்ல முடியும்?

மறுநாள் கவுண்டரில் முகத்தைக் காட்டிக் கையெழுத்து போட்டதும் நேரே வீட்டுக்குத் திரும்பியிருக்கலாம். ஃபைல் ரூம் எங்கே என்று கேட்டுக்கொண்டு போனாள். கட்டிடத்தின் பின்பக்கம், ஜன்னலே இல்லாத அறை. கூரை வரைக்கும் கட்டுக் கட்டாகக் காகிதம். அந்தப் பெண் ஒரு ஸ்டூலில் ஏறி, முதுகைக் காட்டியபடி கட்டுகளை மேலே அடுக்கிக்கொண்டிருந்தாள். தும்மினாள். இவள் வாசலில் நின்றாள். வாயைத் திறக்காமல் இப்படியே திரும்பினால் வந்ததுகூடத் தெரியாது.

காலடிச் சத்தம் கேட்டிருக்க வேண்டும். "யாருங்க?" என்றாள் அந்தப் பெண், திரும்பாமலே.

"நான்தாம்மா."

மேலே நீண்ட கை அப்படியே நின்றது.