உண்மைச் சாட்சி

பியூலா டீச்சருக்கு முதலில் வந்தது கோபம்தான். அதை மறைத்துவிட்டுச் சொன்னால் இந்தக் கதையும் அவள் எழுதின கதையைப் போல ஆகிவிடும். அதனால் கோபத்திலிருந்தே ஆரம்பிப்போம்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, பாளையங்கோட்டையில் தன் சபைக் கோயிலின் வாசலில் அவள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். ரீபா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவள் கையைப் பிடித்தாள். இருவர் வீட்டுக்கும் இடையில் இரண்டு தெருதான், ஒரே ஜெபக்குழு. பியூலாவைவிட ஏழெட்டு வயது இளையவள்.

"அக்கா, இன்னைக்கு ஐயர் ஸ்தோத்திரக் காணிக்கை வாசிச்சாங்கல்லா, கடைசியா ஒண்ணு வந்துச்சே, கேட்டியளா?"

அந்தச் சபையில் அப்படி ஒரு வழக்கம். வீட்டில் நல்லது நடந்தால் ஒரு உறையில் காணிக்கை வைத்து, மேலே காரணத்தை எழுதிக் கொடுப்பார்கள். ஐயர் என்று எல்லோரும் கூப்பிடுகிற குருவானவர் அதைச் சத்தமாக வாசிப்பார். மகளுக்குச் சுகப்பிரசவம், மகனுக்குக் கங்கைகொண்டானில் வேலை, முக்கூடல் வயலில் போர் போட்டதில் நல்ல தண்ணீர் என்று வரிசையாக வரும். அன்றைக்குக் கடைசியாக வந்தது வேறு மாதிரி இருந்தது. 'பெயர் அறியாத ஒரு சகோதரியின் கணவர் குடிப்பழக்கத்திலிருந்து விடுதலை பெற்றதற்காக, ஒரு குடும்பத்தார்' என்று வாசித்தார். பியூலா அப்போது கைப்பைக்குள் கண்ணாடியைத் துழாவிக்கொண்டிருந்தாள். அரைக் காதில்தான் விழுந்தது.

"அது நான் போட்டதுக்கா," என்றாள் ரீபா. "இதைப் படிச்சுப் பாருங்க. வாட்ஸ்அப்ல வந்துச்சு. எத்தனை தடவை அழுதேன்னு எனக்கே தெரியாது."

பியூலா போனை வாங்கிப் பார்த்தாள். மேலே கொட்டை எழுத்தில் 'உண்மைச் சாட்சி'. கீழே, 'அந்தக் குழந்தை தினமும் அப்பாவுக்கு வாசலிலேயே முத்தம் கொடுப்பாள். அது முத்தமல்ல. மோந்து பார்க்கிறாள்.'

அவளுடைய முதல் வரி. அவளுடைய இரண்டாம் பத்தி. காற்புள்ளிகூட மாறவில்லை. கடைசியில் அவள் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 'இதைப் பதினொரு பேருக்கு அனுப்புங்கள், ஆசீர்வாதம் பெறுங்கள்' என்று இருந்தது. எந்தச் சவம் என் பேரை வெட்டினது! நாலு நாள் சாயங்காலம் உட்கார்ந்து எழுதினவள் நான், ஆசீர்வாதம் இவனுக்கா? பல்லைக் கடித்தாள். அந்தக் கோபத்தைத்தான் சொன்னேன்.

"அந்த அக்கா வீட்டுப் பிள்ளையும் மோந்து பாக்குமாம்க்கா," என்றாள் ரீபா. "உலகத்துலயே எங்க பிள்ளை மட்டுந்தான் அப்படின்னு நினைச்சு நெஞ்சுக்குள்ளயே வச்சு அழுத்திக்கிட்டு கெடந்தேன். எனக்குத் துணையா ஒருத்தி இருந்திருக்கா பாருங்க."

அப்போதுதான் பியூலாவுக்குத் தான் செய்தது உறைத்தது.

எப்படி வந்த வினை இது? பியூலா ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். ஐந்து வருஷமாக முகநூலில் 'விடியற்கால அப்பம்' என்று ஒரு பக்கம் நடத்துகிறாள். தினம் ஒரு சிறு தியானம், வாரம் ஒரு கதை. வாசித்தவர்கள் எழுநூறு பேர். அதில் பாதி சொந்தக்காரர்கள். கணவர் வேதமுத்து முதல் ஆளாக லைக் போடுவார். எழுத்தில் கர்த்தரை மகிமைப்படுத்தவேண்டும் என்றுதான் ஆரம்பித்தாள், அதில் பொய் இல்லை. ஆனால் மகிமைப்படுத்தினால் நாலு பேர் பார்க்கவேண்டாமா? ஆன்லைனில் ஒரு எழுத்துப் பயிற்சி வகுப்பில் சேர்ந்தாள். அந்தப் பயிற்சியாளர் சொன்னார்: "கதைன்னு போட்டா ஒதுக்கிட்டுப் போயிருவாங்க மேடம். நடந்ததுன்னு சொல்லுங்க. முதல் வரியில கண்ணீர் வரணும், கடைசி வரியில வெற்றி வரணும்."

அந்த மாதம்தான் ஒரு புதன்கிழமை, பெண்கள் ஜெபக்கூட்டம் முடிந்து, டீ கிளாஸ்களை எடுத்து வைக்கும்போது ரீபா தனியாக நின்றாள். அந்தக் கூட்டத்துக்குப் பியூலாதான் செயலாளர். எல்லோருடைய விண்ணப்பத்தையும் நோட்டில் எழுதி வாசிப்பவள் அவள். தன் விண்ணப்பத்தை ரீபா நோட்டுக்குக் கொடுக்கவில்லை, காதில் சொன்னாள். பாடகர் குழுவில் கீபோர்டு வாசிக்கிற அவள் கணவன் எஸ்றா சென்னைக்கு ட்ரெயினிங் போகவில்லை. வள்ளியூர்ப் பக்கம் ஒரு மையத்தில், குடியை நிறுத்தச் சேர்த்திருக்கிறது. டாக்டர் தொண்ணூறு நாள் சொல்லியிருக்கிறார். மகள் வாசலில் மோந்து பார்ப்பதைச் சொல்லும்போதுதான் ரீபாவுக்குக் குரல் உடைந்தது. போகும்போது, "ஜெபத்துல வையுங்கக்கா, வாயில வச்சிராதீங்க," என்றாள்.

பியூலா வாயில் வைக்கவில்லை. எழுதிவிட்டாள்.

ஊரை மாற்றினாள். ஒரு மகளோடு ஒரு மகனைச் சேர்த்தாள். எஸ்றா கீபோர்டு உறைக்குள் ஒளித்து வைத்திருந்த பாட்டிலை அரிசி டிரம்முக்குள் வைத்தாள். அந்த முத்தத்தை மட்டும் மாற்ற மனசு வரவில்லை. அத்தனை நல்ல வரி. முடிவு வேண்டுமே? அந்தச் சகோதரி இருபத்தோரு நாள் உபவாசம் இருந்தாள் என்றும், இருபத்திரண்டாம் நாள் கணவன் மனம் திரும்பி, மிச்சச் சரக்கை ஆற்றில் கொட்டினான் என்றும் கட்டினாள். மேலே 'கதை' என்று போட்டாள். பிறகு அதை அழித்து 'உண்மைச் சாட்சி' என்று போட்டாள். ஜெபிக்கும்போது, கிடைக்காததையும் கிடைத்துவிட்டதாக நம்பி நன்றி சொல்கிறோமே, அதுபோலத்தானே இதுவும் என்று மனசுக்கு ஒரு சமாதானம். ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளைப் பத்துக் கட்டளையும் ஒப்பிக்க வைக்கிறவள் அவள். ஒன்பதாவது, பொய்ச்சாட்சி சொல்லாதே என்பது, அவளுக்குச் சொல்லியா தரவேண்டும்?

ஒரே வாரத்தில் எழுநூறு நாற்பதாயிரமானது. ரீபா முகநூல் பக்கமே போகிறவள் இல்லை என்ற தைரியம் வேறு. ஒரு பதிப்பகம் 'இதைப்போல இருபது சாட்சி எழுதிக் கொடுங்கள், புத்தகமாகப் போடுவோம்' என்று எழுதியது. முன்னுரையைக்கூட அவள் மனசுக்குள் எழுதி முடித்திருந்தாள்.

இப்போது ரீபாவின் உதடு வெடித்திருப்பதையும் கன்னம் ஒட்டியிருப்பதையும் பியூலா பார்த்தாள்.

"ஏளா, என்ன இப்படி வத்திப் போயிட்ட?"

"உபவாசம்க்கா. பகல் பூரா பச்சத்தண்ணிதான், ராத்திரி கொஞ்சம் கஞ்சி. அந்த அக்கா மாதிரி. இன்னையோட இருபத்தோரு நாள்." ரீபாவின் முகம் மலர்ந்திருந்தது. "நாளைக்கு முதல் பஸ்ல வள்ளியூர் போய் அவரைக் கூட்டிட்டு வாரேன். இன்னும் அம்பது நாள் கெடக்குன்னு டாக்டர் சத்தம் போடுதாரு. போடட்டும். அந்த அக்காவுக்குச் செஞ்சவர் எனக்குச் செய்ய மாட்டாரா?"

பியூலா அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். வாயும் இருந்தது, வார்த்தையும் இருந்தது. "யோசிச்சுச் செய்யி ரீபா," என்று மட்டும் சொல்லிவிட்டு, செருப்பைக் காலால் துழாவி மாட்டிக்கொண்டு நடந்தாள். இப்படியும் ஒருத்தி இருப்பாளா என்று நீங்கள் கேட்கலாம். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவளும் அதையேதான் கேட்டுக்கொண்டு போனாள்.

மத்தியானம் கறிக்குழம்பு இறங்கவில்லை. சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டுப் போனை எடுத்தாள். சொல்லாமல் தப்பிக்க ஒரு வழி தோன்றியது. அந்தச் சகோதரிக்கு இரண்டாம் பாகம் எழுதினால் என்ன? கணவன் அவசரப்பட்டு வீட்டுக்கு வந்தான், மறுபடி விழுந்தான், டாக்டர் சொன்ன நாளை முடித்திருக்கவேண்டும் என்று அவள் உணர்ந்தாள் என்று போட்டால், ரீபா படித்துவிட்டுப் பயணத்தை நிறுத்திவிடுவாள். யாருக்கும் எதுவும் தெரியவேண்டாம். விறுவிறு என்று எட்டு வரி எழுதினாள். 'அந்தக் குழந்தை மறுபடியும் வாசலுக்கு ஓடினாள்' என்று முடித்தபோது அவளுக்கே மயிர் கூச்செறிந்தது. அடடா, நல்லா வந்திருக்கிறதே என்று ஒரு கணம் சந்தோஷப்பட்டாள். சந்தோஷப்பட்டதை உணர்ந்ததும் போனைக் கவிழ்த்து வைத்தாள். உடம்பெல்லாம் கூசியது. வெட்கம் என்றால் என்னவென்று அந்த நிமிஷம்தான் அவளுக்குத் தெரிந்தது.

வேதமுத்து எதிரே எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தார். "என்னளா, சோறு அங்கனயே கெடக்கு?"

எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கை காய்ந்து போகிறவரை கேட்டார்.

"உள்ளதைச் சொல்லட்டா?" என்றார் கடைசியில். "அஞ்சு வருஷமா நீ எழுதுததை நான் ஒண்ணுகூட முழுசா வாசிச்சதில்ல. லைக்கைப் போட்டுட்டு வேலையைப் பாக்கப் போயிருவேன். வாசிச்சிருந்தா, இது நம்ம ரீபா வீட்டுச் சங்கதியால்லா இருக்கும்னு ஒரு கேள்வியாவது கேட்டிருப்பேன்."

"இப்ப நான் என்னங்க செய்யட்டும்?"

"என்னத்தச் செய்ய? கையைக் கழுவிட்டு வாரேன். வண்டியை எடுக்கேன்."

"ரெண்டு தெரு தள்ளித்தானே இருக்கு."

"நடந்து போனா நீ பாதி வழியில திரும்பிருவ."

ரீபா எஸ்றாவின் நீலச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் அவன் போட்டுக்கொண்டு வருவதற்கு. ஏழு வயது மகள் தரையில் படம் வரைந்துகொண்டிருந்தாள். வேதமுத்து அவளை மிட்டாய் வாங்கக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். பியூலா உட்காரவில்லை.

"ரீபா, நாளைக்கு நீ வள்ளியூருக்குப் போகக்கூடாது."

"ஏன்க்கா? டாக்டர் உங்ககிட்டயும் பேசினாரா?"

"அந்தச் சாட்சி... அது நடக்கல, ரீபா."

"நடக்கலன்னா? அந்த அக்காவை உங்களுக்குத் தெரியுமா?"

"அதை எழுதினது நான்."

ரீபா இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். அப்போதும் அவள் முகத்தில் சந்தோஷம்தான் வந்தது. "நீங்களா! அப்ப அந்த அக்கா யாருன்னு உங்களுக்குத் தெரியுமே! ஒரு தடவை என்கிட்ட பேசச் சொல்லுங்கக்கா, அவர் இப்ப எப்படி இருக்காருன்னு..."

"அந்த அக்கா நீதான்மா."

ரீபா சட்டையைப் பார்த்தாள், பியூலாவைப் பார்த்தாள். மெதுவாக ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"அந்தப் பிள்ளை?"

"உன் பிள்ளைதான்."

"ஆத்துல கொட்டினது?"

"நானா எழுதினேன்."

"இருபத்தோரு நாளு?"

"அதுவும் நான்தான். ஒரு முடிவு வேணும்னு..." பியூலா ரீபாவின் கையைப் பிடித்தாள். "மன்னிச்சிரு. மன்னிச்சிரும்மா. உன் கால்ல வேணும்னாலும் விழுதேன்."

ரீபா அழவில்லை, கத்தவும் இல்லை. கத்தியிருந்தால் பியூலாவுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"காலையில கோயில்ல அத்தனை பேருக்கு முன்னால வாசிச்சாங்களே," என்றாள். "அப்ப நான் யாருக்காக்கா ஸ்தோத்திரம் சொன்னேன்?"

ஐந்து வருஷத்தில் ஆயிரத்துக்கு மேல் தியானம் எழுதினவள் இஸ்திரிப்பெட்டியின் சுவிட்சை அணைத்தாள்.

மகள் மிட்டாயோடு உள்ளே வந்தாள். ரீபா நீலச் சட்டையை மடித்துக் கொண்டுபோய் அலமாரியில் வைத்துக் கதவைச் சாத்தினாள். "பானையில சோறு இருக்கு பிள்ள, ரெண்டு தட்டு எடுத்துட்டு வா. அம்மாவும் சாப்பிடுதேன்," என்றாள். பியூலாவைப் பார்க்காமலே, "நீங்க போங்கக்கா," என்றாள்.

அன்று சாயங்காலமே பியூலா அந்தப் பதிவை நீக்கினாள். 'உண்மைச் சாட்சி என்று நான் போட்டது உண்மையுமல்ல, சாட்சியுமல்ல. நம்பிச் சொன்ன ஒருத்தியின் கண்ணீரை எடுத்து, நானே முடிவு கட்டி எழுதியது. யாரும் பகிரவேண்டாம்' என்று போட்டாள். பத்து நிமிஷத்துக்குள், 'ஆமென், எத்தனை தாழ்மை சகோதரி' என்று ஒருவர் எழுதினார். அதற்கு நூறு லைக். தன் கண் அந்த எண்ணைத் தேடிப் போவதைப் பார்த்து, பக்கத்தையே மூடிவிட்டாள். பதிப்பகத்துக்கு, 'என்னிடம் சாட்சி எதுவும் இல்லை' என்று ஒரு வரி எழுதிப் போட்டாள். ஆனாலும் விட்டது விட்டதுதான். செவ்வாய்க்கிழமை அவளுடைய சொந்த மதினியே அந்தச் சாட்சியை அவளுக்கு அனுப்பி, அழுகிற முகம் நாலு வைத்திருந்தாள்.

புதன்கிழமை ஜெபக்கூட்டம். போகாமல் இருந்துவிடலாமா என்று பார்த்தாள். நோட்டு அவளிடம் இருந்ததே. ரீபா வரமாட்டாள் என்று நினைத்துக்கொண்டு போனாள்.

ரீபா வந்திருந்தாள். எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொருவராக விண்ணப்பம் சொல்ல, பியூலா தலையைக் குனிந்துகொண்டு எழுதினாள். ஒருத்திக்கு முட்டுவலி, ஒருத்தி மகனுக்குப் பரீட்சை.

"எனக்கு ஒரு விண்ணப்பம் இருக்கு," என்றது ரீபாவின் குரல்.

பியூலாவின் கை பழக்கத்தில் அடுத்த எண்ணைப் போட்டது.

"எழுத வேண்டாம்."

அறையில் எல்லோரும் பியூலாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் பேனாவை மூடினாள், நோட்டையும் மூடினாள்.

"எங்க வீட்டுக்காரர் சென்னையில இல்ல," என்று ரீபா ஆரம்பித்தாள். எல்லாவற்றையும் அவளே, தன் வாயாலேயே சொன்னாள். பிள்ளை வாசலில் மோந்து பார்ப்பதையும் சொன்னாள். முடிவு எதுவும் சொல்லவில்லை. பியூலா கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மூடிய நோட்டின்மேல் வைத்துக்கொண்டு, கடைசிவரை தலையை நிமிர்த்தாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.